மேன்டிலும் டையோடும்

ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் அயன் செல்களில் நிரப்ப முடிவது கால் கிலோவாட் மணிதான். ஐம்பது மடங்கு வித்தியாசம். மலையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப் போகிறவர், முதுகுப் பையில் ஏறும் ஒவ்வொரு நூறு கிராமையும் யோசித்து வைப்பவர், இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கேஸ் விளக்கைத்தான் எடுப்பார். பல பத்தாண்டுகள் முகாம் போனவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். அவர்கள் கணக்கில் பிழையில்லை. அந்தக் கணக்கு தலைகீழாகப் புரண்டது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான். எப்படிப் புரண்டது என்பதில் ஒரு நல்ல அறிவியல் கதை இருக்கிறது. அதில் நம் கன்னியாகுமரிக் கடற்கரை மணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். விளக்கு வெளிவிடும் வெளிச்சத்தின் மொத்த அளவை லூமன் என்ற அலகால் அளக்கிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமனுக்குக் கொஞ்சம் மேலே தரும். கேஸ் விளக்கில் எரியும் ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைப்பது 1 முதல் 2 லூமன் வரைதான். மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. எல்இடி விளக்கில், பேட்டரியிலிருந்து மின்சுற்று வழியாக வெளிமூடியைத் தாண்டி வரும் இழப்புகளையெல்லாம் கழித்த பிறகும், வாட்டுக்கு 100 லூமன் கிடைக்கும்.

ஆக, ஒரு கிராம் கேஸ் தரும் 12.8 வாட் மணியை 1.5 ஆல் பெருக்கினால் 19 லூமன் மணி. அதாவது 19 லூமன் வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு. பேட்டரிப் பக்கம் வருவோம். லேப்டாப்பிலிருந்து டார்ச் வரை எல்லாவற்றிலும் புழங்கும் 18650 என்ற உருளைச் செல் 48 கிராம் இருக்கும். நல்ல செல் 12 வாட் மணி கொடுக்கும். 100 ஆல் பெருக்கினால் 1,200 லூமன் மணி. ஒரு கிராமுக்கு 25. ஆற்றலில் ஐம்பது மடங்கு பின்தங்கிய பேட்டரி, வெளிச்சம் என்று வரும்போது கேஸை முந்திவிடுகிறது. கேஸை யாரும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போக முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 230 கிராம் கேஸ் கொண்ட திருகுக் குப்பியின் மொத்த எடை 380 கிராமை ஒட்டி வரும். இரும்புக்கூட்டையும் எடையில் சேர்த்தால் கிராமுக்கு 12 லூமன் மணிதான் மிஞ்சும். பேட்டரி இரண்டு மடங்கு மேல்.

இதே கணக்கை 1980-இல் போட்டுப் பார்த்தால் விடை வேறு. அன்றைக்குக் கையில் இருந்தது கட்டை பேட்டரி போட்ட டார்ச். ஒரு கட்டை 90 கிராம். அதிலிருந்து 7 வாட் மணி கிடைத்தால் பெரிது. டார்ச் பல்பு வாட்டுக்கு 10 லூமன் தந்தது. பெருக்கிப் பார்த்தால் கிராமுக்கு ஒரு லூமன் மணிகூடத் தேறாது. கேஸ் அதைப் பத்து மடங்குக்கு மேல் தோற்கடித்தது. அந்தக் காலத்தில் இரண்டு கட்டை டார்ச்சை வைத்துக்கொண்டு இரவெல்லாம் சமைக்கவோ சீட்டாடவோ யாரும் நினைக்கவில்லை. ஒதுங்கப் போய்வர மட்டும் அதை எரித்து உடனே அணைத்தார்கள். அந்தச் சிக்கனம் காரணத்தோடு வந்தது.

இப்போது கேஸ் விளக்குக்குள் ஒளிரும் வலையான மேன்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டரி விளக்கு வென்றுவிட்டது என்பதற்காக இந்தக் கண்டுபிடிப்பை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தீயிலிருந்து வெளிச்சம் எடுக்கும் கலையில் மனிதர்கள் எட்டிய உச்சம் அதுதான்.

கேஸ் நன்றாக எரிந்தால் சுடர் நீலமாக, ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நம் வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். சூடு ஏராளம், வெளிச்சம் இல்லை. மெழுகுவர்த்தியும் அரிக்கேனும் மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணம் சரியாக எரியாத கரித்துகள்கள் சுடருக்குள் பழுத்து மின்னுவதுதான். அப்படியானால், நன்றாக எரியும் நீலச் சுடருக்குள் வேறு ஏதாவது திடப்பொருளை வைத்துப் பழுக்கச் செய்தால் என்ன? ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவுவர் ஃபான் வெல்ஸ்பாக் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஹைடல்பெர்க்கில் புகழ்பெற்ற வேதியியலாளர் புன்சனிடம் படித்தவர். அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். பருத்தி வலையை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, சுடரில் காட்டினார். பருத்தி எரிந்துபோனது, உப்பு ஆக்சைடாக மாறி, வலையின் வடிவத்திலேயே நின்றது. 1885-இல் அவர் காப்புரிமை எடுத்த முதல் மேன்டில் பச்சையடித்த வெளிச்சம் தந்தது, சீக்கிரம் உடைந்தது, யாருக்கும் பிடிக்கவில்லை. 1891-இல் சரியான கலவை கிடைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு.

அந்த ஒரு பங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. தோரியம் ஆக்சைடு 3,300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். சுடர் எவ்வளவு தாக்கினாலும் அது அசையாது. அதைவிட முக்கியம், அது அகச்சிவப்புக் கதிர்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை, மிகக் குறைவாகவே வெளிவிடும். பழுத்த இரும்பு தன் சூட்டில் பெரும்பகுதியை அந்தக் கதிர்களாகவே இழந்துவிடும். தோரியம் ஆக்சைடுக்கு அந்த இழப்பு இல்லை; அதனால் சுடரின் சூட்டை வாங்கி வாங்கி மிக உயர்ந்த வெப்பநிலைக்குப் போய்விடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளிவிடுவதிலும் அது கஞ்சம். தனித் தோரியத்தில் செய்த மேன்டில் மங்கலாகத்தான் எரியும். அங்கே சீரியம் வருகிறது. சீரியம் ஆக்சைடு அந்தச் சூட்டில் காணுறு ஒளியைத் தாராளமாக வெளிவிடும். ஒரு பங்கு கலந்தால் பளிச்சென்ற வெண்மை வருகிறது. கொஞ்சம் கூடிவிட்டால் வெப்பக் கதிர்களும் கூடி, மேன்டில் குளிர்ந்து, வெளிச்சம் விழுந்துவிடும். அணுவின் உள்ளமைப்பு பற்றிய கோட்பாடு எதுவும் இல்லாத காலத்தில், ஆய்வுக்கூட மேசையில் கலந்து கலந்து பார்த்தே ஒரு மனிதர் இந்த விகிதத்தைக் கண்டுபிடித்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் என்ற கனிமம் வேண்டும். முதலில் அது பிரேசில் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் துகள்களைக் கண்டார். அந்த மணலின் ஊர் தேடி வந்தவர் சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அங்கே மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்த ஊர், 1956-இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்றும் அங்கே பொதுத்துறை நிறுவனம் அந்த மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. லண்டன், பெர்லின் தெருவிளக்குகளில் எரிந்த மேன்டில்களில் நம் தெற்குக் கடற்கரையின் தோரியமும் இருந்தது.

இங்கே வந்து சேர்ந்த மேன்டில் விளக்கு, பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ் உருவாக்கிய பெட்ரோமாக்ஸ். எரிபொருள் மண்ணெண்ணெய், பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, ஆவியாக்கி எரிப்பது. அமெரிக்காவில் விச்சிட்டா நகரின் கோல்மன் நிறுவனம் 1914-இல் வெளியில் தூக்கிச் செல்லும் லாந்தரைக் கொண்டுவந்து முகாம் விளக்கின் வடிவத்தையே தீர்மானித்தது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும், குப்பியின் தலையில் திருகிக்கொள்ளும் சிறிய கேஸ் லாந்தர் இவற்றின் பேரப்பிள்ளை. எரிபொருள் மாறியிருக்கிறது, மேன்டில் அதே மேன்டில். அது எவ்வளவு மென்மையானது என்பதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்திலின் கைபட்டு மேன்டில் நொறுங்கும் காட்சி எல்லோருக்கும் தெரியும். துணி எரிந்துபோன பின் மிஞ்சும் ஆக்சைடு எலும்புக்கூடு அது. பிடித்துக்கொள்ள நார் இல்லை. மலைப்பாதையில் பையோடு குலுங்கிப் போகும் கேஸ் லாந்தர், முதல் இரவு எரித்த மேன்டிலை இரண்டாம் இரவுக்கு முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பக் கூடாது. மாற்று மேன்டில் இல்லாமல் கேஸ் விளக்கோடு கிளம்புவது வீண்.

இனி டையோடு. எல்இடி என்பது அரைக்கடத்திப் படிகம். மின்னணு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாண்டும்போது இழக்கும் ஆற்றல், சூடாக மாறாமல் நேராக ஒளியாகவே வெளிவருகிறது. எதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. சிவப்பும் பச்சையும் 1960-களிலிருந்து இருந்தன. நீலம் மட்டும் பிடிபடாமல் முப்பது ஆண்டுகள் ஆட்டம் காட்டியது. காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதின்றி வளர்ப்பது அவ்வளவு கடினம். இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவரும் அதைச் சாதித்தார்கள். 2014-இல் இயற்பியல் நோபல் அவர்களுக்குப் போனது. நீலம் கிடைத்ததும் வெள்ளை கிடைத்துவிட்டது. எப்படி? நீலப் படிகத்தின் மேல் மஞ்சள் பொடி ஒன்றைப் பூசினார்கள். நீல ஒளியில் ஒரு பகுதியை அந்தப் பொடி விழுங்கி மஞ்சளாக உமிழும். மிச்ச நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். டார்ச்சைத் திருப்பி உள்ளே பாருங்கள், அணைந்திருக்கும்போது. மஞ்சள் புள்ளி ஒன்று தெரியும். அதுதான் அந்தப் பொடி.

அந்தப் பொடி, இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் கொஞ்சம் சீரியம் கலந்தது. அதே சீரியம். மேன்டிலில் ஒரு பங்கு கலந்து தீயை வெளிச்சமாக்கிய தனிமமே, எல்இடியில் சிறு பங்கு கலந்து நீலத்தை வெள்ளையாக்குகிறது. இரண்டு இடத்திலும் அது செய்யும் வேலை வேறு: ஒன்றில் சூட்டை வாங்கி ஒளியாகக் கொடுக்கிறது, இன்னொன்றில் ஒரு நிறத்தை வாங்கி இன்னொரு நிறமாகக் கொடுக்கிறது. கேஸ் விளக்கைப் பற்றவைக்கும் லைட்டரைத் தட்டினால் தெறிக்கும் பொறியும் சீரியத்திலிருந்து வருவதுதான். மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்தபின் குவிந்துகிடந்த கழிவை என்ன செய்வது என்று யோசித்த ஆவுவர், அதை இரும்போடு உருக்கி 1903-இல் லைட்டர் கல்லாக்கினார். பூமியின் மேலோட்டில் செம்பு எவ்வளவு உண்டோ ஏறக்குறைய அவ்வளவு சீரியமும் உண்டு. நாம் பெயர்கூடச் சொல்லாத இந்தத் தனிமம் நம் இரவுகளுக்காக நூற்றுமுப்பது ஆண்டுகளாக உழைத்து வருகிறது.

வாட்டுக்கு எத்தனை லூமன் என்பதைவிட, முகாமில் நடைமுறையில் பெரிதாகத் தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு: விளக்கைக் குறைத்து எரிப்பது. கூடாரத்துக்குள் புத்தகம் படிக்க 30 லூமன் போதும். வெளியே நான்கு பேர் சமைத்துச் சாப்பிட 150, 200 போதும். கேஸ் விளக்கின் குமிழைத் திருகி அந்த 30-க்கு இறக்க முடியாது. சுடரைக் குறைத்தால் மேன்டிலின் வெப்பநிலை இறங்கும். வெப்பநிலை கொஞ்சம் இறங்கினாலே காணுறு ஒளி மளமளவென்று சரிந்துவிடும். பாதிக் கேஸ் எரித்தால் பாதி வெளிச்சம் கிடைக்காது. அதைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும். எல்இடி நேர் எதிர். மின்னோட்டம் கூடக் கூட அதன் திறன் குறையும். குறைத்து எரித்தால் வாட்டுக்குக் கிடைக்கும் லூமன் இன்னும் ஏறும். இரவில் பெரும்பாலான நேரம் நமக்குத் தேவைப்படுவது சிறு வெளிச்சம்தான் என்பதால், மேலே போட்ட எடைக் கணக்கில் கேஸுக்கு எதிராக இன்னும் சில மடங்கு சேர்ந்துவிடுகிறது. மங்கலாக எரிப்பதில் வேறு ஆதாயமும் உண்டு. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு பிரகாசமான விளக்கைப் பார்த்தால் நொடியில் அது கலைந்துவிடும். நட்சத்திரம் பார்க்கப் போனவர்கள் கூடாரத்தின் முன்னால் 600 லூமன் எரித்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் பயனில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வசதியைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. இதில் நான் சமரசத்துக்கு இடம் வைக்கப் போவதில்லை: கேஸ் விளக்கைக் கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தும் கூடாது, குளிருக்காக ஐந்து நிமிடமும் கூடாது.

மணிக்கு 30 கிராம் கேஸ் எரிக்கும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். பியூட்டேன் முழுதாக எரிய, அதன் எடையைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 108 கிராம். கன அளவில் 80 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதருக்கு மணிக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் போதும். அதாவது அந்தச் சிறிய விளக்கு ஐந்து பேருக்கு மேல் மூச்சு விடுகிறது. இருவர் படுக்கும் கூடாரத்தின் மொத்தக் கொள்ளளவு 2,000 லிட்டரை ஒட்டி இருக்கும். அதில் ஆக்சிஜன் 420 லிட்டர். காற்றோட்டம் இல்லையென்றால் ஒரே மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை விளக்கு குடித்துவிடும். கூடவே 90 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 46 கிராம் நீராவி. அந்த நீராவி கூடாரத்தின் உள்சுவரில் படிந்து தூக்கப்பைகளை நனைக்கும். குளிருக்காக எரித்தவர் விடியற்காலையில் ஈரத்தில் நடுங்குவார்.

ஆக்சிஜன் குறைந்தால் கேஸ் முழுதாக எரியாது; கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அடைத்துப்போன பர்னரும் கிழிந்த மேன்டிலும் அதைக் கூட்டும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நாற்றம், கசிவு தெரிவதற்காகச் சேர்த்த வேறொரு பொருளுடையது. எரிந்த பிறகு அதுவும் இராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 210-ஆல் வகுத்தால் 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைச் சில மணி நேரம் சுவாசித்தால், ரத்தத்தின் பாதி இடத்தை அது பிடித்துவிடும் என்பதே இந்த எளிய வகுத்தலின் பொருள். தூங்குகிறவர் விழிக்க மாட்டார்.

மலையில் இதன் அபாயம் இன்னும் மறைவானது. கார்பன் மோனாக்சைடு நஞ்சேறினால் முதலில் தலைவலி, களைப்பு, குமட்டல். 3,000 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு உயரத்தால் வரும் நோயின் முதல் அறிகுறிகளும் அவையேதான். லடாக்கிலோ இமயத்தின் அடிவார முகாமிலோ கூடாரத்துக்குள் கேஸ் எரித்துக்கொண்டு தலைவலி என்று படுப்பவர், உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக் கதவை இன்னும் இறுக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். உடலுக்கும் சுடருக்கும் அங்கே ஆக்சிஜன் ஏற்கெனவே பற்றாக்குறை. தலைவலி வந்த நொடியில் விளக்கை அணைத்து எல்லோரும் வெளியே வர வேண்டும். வெளியே வந்ததும் தேறினால் காரணம் தெரிந்துவிடும். ரத்தத்தில் ஏறியது சாதாரணக் காற்றில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால், தேறியது போலிருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குளிரில் கேஸ்தான் நம்பகமானது, பேட்டரி செத்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டுக்குமே குளிர் ஆகாது. குப்பிக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் எரியும். சாதாரண பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. ஊட்டியில் ஜனவரி மாத உறைபனி விழும் புல்வெளியில், பியூட்டேன் மட்டும் நிரப்பிய மலிவான குப்பி திணறும். உயரம் ஏறக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் சில டிகிரி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் குப்பி தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். மண்பானையில் நீர் ஆவியாகிப் பானை குளிர்வது போலத்தான். மணிக்கு 30 கிராம் ஆவியானால், வெளியிலிருந்து சூடே வராத நிலையில் 230 கிராம் குப்பி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். வெளிக்காற்றிலிருந்து கொஞ்சம் சூடு வந்து இதைத் தணிக்கும் என்றாலும், மாலையில் நன்றாக எரிந்த விளக்கு பத்து மணிக்கு மங்குவதன் காரணம் இதுதான். கலவைக் குப்பியில் இன்னொரு சிக்கல்: புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகும், குப்பி தீரும் தறுவாயில் பெரும்பாலும் பியூட்டேன்தான் மிஞ்சும். குலுக்கினால் திரவம் சலசலக்கும், எரியாது. அப்போது குப்பியை நெருப்பருகே காட்டுவது வெடிவிபத்தை வரவழைப்பது.

லித்தியம் அயன் செல்லும் குளிரில் சுணங்கும். மைனஸ் 20 டிகிரியில் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு, சில செல்களில் அதற்கும் மேல், கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த இழப்பு தற்காலிகமானது. செல்லைச் சட்டைக்குள்ளோ தூக்கப்பைக்குள்ளோ வைத்துச் சூடாக்கினால் திரும்பி வரும். கேஸ் குப்பியையும் அப்படிக் கட்டிக்கொண்டு தூங்கலாம்தான். ஆனால் எந்தப் பெற்றோரையும் குழந்தையோடு படுக்கும் கூடாரத்தில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே செல்லை சார்ஜ் ஏற்றுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். லித்தியம் உள்ளே புக முடியாமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்து, செல்லை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

போகிற வழியையும் யோசியுங்கள். விமானத்தில் கேஸ் குப்பிக்கு எங்கேயும் இடமில்லை. பவர் பேங்கும் உதிரி செல்லும் கைப்பையில் வரலாம். 100 வாட் மணிக்குள் இருந்தால் தனி அனுமதியும் வேண்டாம். ரயிலில் கேஸ் எடுத்துப்போவது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை நிலையத்தருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அது சமையலுக்கான சிலிண்டர். ஆனால் மூடிய பெட்டிக்குள் பியூட்டேனுக்கு அளவு பார்க்கும் வழக்கமில்லை. காட்டுக்குள் வேனில் மாதங்களில் எந்தத் திறந்த சுடரும் வேண்டாம் என்பதற்கு, 2018 மார்ச்சில் குரங்கணி மலைச்சரிவில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் மாண்டதை நினைத்தால் போதும். காய்ந்த போதைப்புல் பற்றினால் சரிவில் மேல்நோக்கி மனிதர் ஓடும் வேகத்தைவிட வேகமாகத் தீ ஏறும்.

பேட்டரி விளக்கு குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. கடைகளில் 9,900 மில்லியாம்பியர் மணி என்று அச்சடித்த 18650 செல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த அளவுச் செல்லில் இன்றைய வேதியியலால் அடக்க முடிவது 3,500-ஐ ஒட்டித்தான். அந்த லேபிள் அப்பட்டமான பொய். எடை பார்த்தாலே பிடித்துவிடலாம்: நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. உப்பிய செல்லைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விளக்கை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கார உலர் பேட்டரி போடும் லாந்தர் என்றால், முகாம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பரணில் ஆறு மாதம் கிடந்தால் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். நிறத்தையும் பார்த்து வாங்க வேண்டும். நீலம் தூக்கலான வெள்ளை விளக்குக்குப் பூச்சிகள் கூடுதலாக வரும். 2,700 கெல்வின் என்று குறித்த மஞ்சள் வெள்ளை கண்ணுக்கும் இதம், பூச்சியும் குறைவு.

கேஸ் விளக்குக்கு மிச்சமிருக்கும் இடம் எது? திறந்தவெளியில், காரிலேயே சிலிண்டரைக் கொண்டுபோய்ப் பத்துப் பேர் சுற்றி உட்காரும் நீண்ட முகாம். 400 வாட் அளவுக்குச் சூடும் சேர்ந்து வரும். பனி இரவில் அது வரவேற்புக்குரியதே. தீர்ந்தால் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம், பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் குப்பியின் ஆற்றல் குறையாது. அங்கேயும் ஒரு கணக்கு. 5 கிலோ சிலிண்டரில் இருப்பது 64 கிலோவாட் மணி. வெளிச்சமாக 96,000 லூமன் மணி. அதே வெளிச்சத்தை எல்இடி ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவான மின்சாரத்தில் தரும். இன்று சாலையில் ஓடும் மின் ஸ்கூட்டர்களின் பேட்டரியே 2 முதல் 4 கிலோவாட் மணி. அப்படிப்பட்ட ஸ்கூட்டர் ஒன்றுக்குள் குறைந்தது இரண்டு சிலிண்டர் வெளிச்சம் இருக்கிறது.

கேஸ் விளக்கே வேண்டும் என்பவர்கள் மேன்டிலை மாற்றும்போது கவனமாக இருங்கள். தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள் என்பதால் கதிர்வீச்சு மிக மெல்லியது, விளக்கின் அருகே உட்காருவதால் தீங்கில்லை. ஆனால் பழைய மேன்டிலின் சாம்பல் மூச்சில் போகக் கூடாது. காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி, மூச்சை அடக்கி, நொறுங்கியதை ஈரத் தாளில் சுருட்டி எடுங்கள். பிறகு கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். புதிய மேன்டிலை முதல் முறை கொளுத்தும்போது வரும் புகையும் அப்படியே. சில நிறுவனங்கள் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் கொண்ட மேன்டில்களை விற்கின்றன. கொஞ்சம் மங்கல், ஆனால் அதையே கேட்டு வாங்கலாம்.

மற்றவர்களுக்கு, இரண்டு இரவுக்கு நான்கு பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 லூமன், இரவுக்கு ஐந்து மணி நேரம்: மொத்தம் 2,000 லூமன் மணி, 20 வாட் மணி. இரண்டு 18650 செல், நூறு கிராம். 10,000 மில்லியாம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று 37 வாட் மணி வைத்திருக்கும், போனுக்கும் மிச்சமாகும். கேஸ் விளக்கைக் குறைத்து எரிப்பதில் மிச்சமில்லை என்பதால், அதில் இதையே செய்ய மணிக்கு 30 கிராம் வீதம் 300 கிராம் எரிக்க வேண்டும், இரண்டு குப்பி. மிச்சமாகும் எடையில் ஆளுக்கொரு தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் தொங்கும் லாந்தரின் வெளிச்சம், தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகிவிடும். பத்தடி தள்ளிப் போனால் உங்கள் காலடியில் உங்கள் நிழல்தான் விழும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கால் வைக்கும் இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்றால் விளக்கு நெற்றியில் இருக்க வேண்டும், கூடாரக் கயிற்றில் இருந்தால் பயனில்லை.